வழியில் எங்கே நிறுத்துவது?
நீண்ட மிதிவண்டிப் பயணத்தில் யாரும் கேட்காத கேள்வி

பல்கலைக்கழக விடுமுறை வந்துவிட்டால் பினாங்கில் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் பரபரப்பாகிவிடும். "தீவைச் சுற்றி ஒரு ரவுண்டு போகலாமா?" என்று யாராவது ஆரம்பிப்பார். அடுத்த அரை மணி நேரத்தில் எந்த டயர், யாரிடம் பம்ப் இருக்கிறது, எத்தனை மணிக்குப் புறப்படுவது, பாலேக் பூலாவில் எந்தக் கடையில் லக்சா சாப்பிடுவது என எல்லாம் முடிவாகிவிடும். வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற கேள்வி மட்டும் எழவே எழாது.

படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் பாதிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெண்களும், குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும்தான். சென்ற ஆண்டு நாங்கள் 14 பேர் தீவைச் சுற்றினோம். அதில் ஐந்து பேர் பெண்கள். தெலுக் பஹாங்கைத் தாண்டி மலையேறும் வழியில் ஒரு தோழிக்குத் தலைவலி வந்தது, காலில் தசை பிடித்துக்கொண்டது. அவளுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பார்த்தால், காலையில் நிரப்பியதில் கால்வாசிகூடக் குறையவில்லை. "குடித்தால் போக வேண்டி வரும். என் ஒருத்திக்காக எல்லாரையும் நிறுத்தச் சொல்ல வெட்கமாக இருந்தது," என்றாள்.

அதன் பிறகு மற்ற பெண்களிடம் பேசிப் பார்த்தேன். எல்லாரும் ஏதோ ஒரு பயணத்தில் இதையே செய்திருக்கிறார்கள். சிலர் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். ஆண்களில் சிலரும், குறிப்பாக வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட புதியவர்கள், வாயைத் திறக்காமல் அடக்கிக்கொண்டு வருகிறார்கள். மற்றவர்கள் சாலையோரப் புதர்களை நம்புகிறார்கள். ஊருக்குள் அது அசிங்கம். வளைவில் நிறுத்தினால் ஆபத்தும்கூட.

தண்ணீரைக் குறைத்தால் என்ன ஆகும்?

நம் ஊர் வெயிலில் மலையேற மிதிக்கும்போது ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூட வெளியேறலாம். உடல் எடையில் 2 விழுக்காடு அளவுக்கு நீர் குறைந்தாலே தெம்பு குறையத் தொடங்கும் என்று விளையாட்டு மருத்துவம் சொல்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.2 லிட்டர். அதாவது, தண்ணீரே குடிக்காமல் மிதித்தால் ஒன்றேகால் மணி நேரத்திலேயே அந்த அளவை எட்டிவிடலாம். அதற்கும் மேலே போனால் தலைசுற்றல், குமட்டல் எல்லாம் வரும். மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் தலை சுற்றினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் பலர் அறியாத ஒன்று உண்டு. வெயிலில் உழைக்கும்போது நீரைச் சேமிக்கும்படி சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோன் கட்டளையிடுகிறது. வாசோபிரெசின் என்பது அதன் பெயர். நாம் குடிப்பதில் பெரும்பகுதி வியர்வையாகவே போய்விடும். ஆகவே, குடித்தால் அடிக்கடி நிறுத்த வேண்டி வரும் என்ற பயம் பாதிதான் சரி. விரிவுரை மண்டபத்தில் குளிர்சாதனத்தின் கீழ் உட்கார்ந்து ஒரு போத்தல் குடிப்பதும், தித்தி கெராவாங் ஏற்றத்தில் ஒரு போத்தல் குடிப்பதும் உடலுக்கு ஒன்றில்லை.

தொந்தரவு தருவது முதல் ஒரு மணி நேரம்தான். புறப்படுவதற்குச் சற்று முன்னர் "இன்றைக்கு நிறையக் குடிக்க வேண்டும்" என்று ஒரு லிட்டரை மடக்மடக்கென்று குடிப்பார்கள். கூடவே ஒரு கோப்பி ஓ. விடியற்காலைக் குளிர்ச்சியில் இன்னும் வியர்க்கவும் தொடங்கியிருக்காது. தஞ்சோங் பூங்காவை அடைவதற்குள் பாதிப் பேர் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். இதைத் தவிர்ப்பது எளிது. புறப்பட இரண்டு மணி நேரத்திற்கு முன்பு சுமார் அரை லிட்டர் குடித்துவிடுங்கள். உடலுக்கு வேண்டியது தங்கி, மிச்சம் வீட்டிலேயே வெளியேறிவிடும். கிளம்பும்போது ஒரு முறை போய்விட்டு வாருங்கள். பிறகு வழியில் சிறு சிறு மடக்காகக் குடித்துக்கொண்டே போகலாம். மணிக்கு 400 முதல் 800 மில்லிலிட்டர் என்பது பொதுவான அளவு. உடல் பருமனும் வெயிலும் பார்த்து இது கூடும், குறையும்.

அதற்காக அளவில்லாமல் குடிப்பதும் தவறு. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்புக்கும் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது மிதமிஞ்சிக் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம். நீண்ட பயணத்தில் வெறும் தண்ணீரோடு உப்பும் சேர்ந்த பானம் ஒன்றை வைத்துக்கொள்வது இதனால்தான்.

போதுமான அளவு குடிக்கிறோமா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். ஓய்வு நிறுத்தத்தில் சிறுநீரின் நிறத்தைப் பார்த்தால் போதும். வெளிர் மஞ்சள் நல்லது. தே ஓ நிறத்தில் இருந்தால் குடித்தது போதவில்லை. மூன்று நான்கு மணி நேரம் வெயிலில் ஓட்டியும் போக வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை என்றால், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள். நிழலில் உட்கார்ந்து குடிக்க வேண்டிய நேரம் அது.

அடக்கி வைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஒரு சராசரி மனிதரின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை தாங்கும். அதில் பாதி நிறைவதற்குள்ளேயே மூளைக்கு முதல் தகவல் போய்விடும். ஒரு முறை அடக்குவதால் எதுவும் வெடித்துவிடாது. ஆனால் குறைவாகக் குடித்து, நீண்ட நேரம் அடக்கி, ஈரமான கால்சட்டையோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் கிருமித் தொற்றுக்கு வழி திறந்துவிடும். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். கிருமி உள்ளே போக வேண்டிய தூரம் பெண்களுக்கு அவ்வளவு குறைவு. சிறுநீர்ப்பாதைத் தொற்று பெண்களை அதிகம் தாக்குவதற்கு இது முக்கியக் காரணம். ஆகவே பெண்கள் "இன்னொரு நிறுத்தம் வேண்டும்" என்று சொன்னால் அது சொகுசு கேட்பதாகாது.

தீவைச் சுற்றும் வழி

பினாங்குத் தீவைச் சுற்றிவரும் 6-ஆம் எண் கூட்டரசுச் சாலை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஜோர்ஜ்டவுனிலிருந்து கடலோரமாகத் தஞ்சோங் பூங்கா, பத்து பிரிங்கி, தெலுக் பஹாங் வரை கவலையில்லை. கடைகளும் உணவகங்களும் வந்துகொண்டே இருக்கும். தெலுக் பஹாங் வட்டச் சாலையிலிருந்து உள்பக்கம் திரும்பி அணைக்கட்டைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. வளைவுக்கு மேல் வளைவு. இரு பக்கமும் காடும் பழத்தோட்டங்களும். டுரியான் பருவத்தில் சாலையோரக் கடைகள் இருக்கும். பருவம் முடிந்தால் அவற்றில் பல காலியாகக் கிடக்கும். தித்தி கெராவாங் அருவிப் பகுதியைத் தாண்டி, இறங்கி, பாலேக் பூலாவ் பட்டணம் வரும்வரை நிச்சயமான கழிப்பறை இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. தீவிலேயே அதிகம் வியர்ப்பதும், மெதுவாகப் போவதும் இந்தத் துண்டில்தான்.

எங்கள் குழு இப்போது வைத்திருக்கும் விதி இதிலிருந்து வந்தது: தெலுக் பஹாங்கில் எல்லாரும் போக வேண்டும். தேவை இருக்கிறதோ இல்லையோ, ஒரு முறை முயற்சி செய்துவிட்டு வர வேண்டும். "யாருக்காவது போக வேண்டுமா?" என்று தலைவர் கேட்பதே கிடையாது. கேட்டால் யாரும் கையைத் தூக்கமாட்டார்கள் என்பது பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குத் தெரிந்ததுதானே! நிறுத்தம் முன்கூட்டியே அட்டவணையில் இருந்தால், யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்தத் தோழி போன வாரம் எங்களோடு மறுபடியும் தீவைச் சுற்றினாள். இரண்டு போத்தலும் காலி.

அடுத்த நிறுத்தம் பாலேக் பூலாவ். சந்தையும் கடைத்தெருவும் இருப்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. அதன் பிறகு தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் என்று ஊர்கள் வந்துவிடும். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

நேரக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். 14 பேர் ஒரு சிறிய பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஒன்பது ஆண்கள், தலைக்கு இரண்டு நிமிடம், மொத்தம் 18. ஐந்து பெண்கள், தலைக்கு நான்கு நிமிடம், மொத்தம் 20. அப்படி ஆறு இடத்தில் நிறுத்தினால் இரண்டு மணி நேரம் வரிசையிலேயே போய்விடும். அதனால் சந்தை, பெரிய உணவகம், பள்ளிவாசல் என நான்கைந்து கழிப்பறைகள் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். சிறிய இடம்தான் கிடைக்கும் என்றால் குழுவை இரண்டாகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். வரிசையில் நிற்கிறவர்கள் அந்த நேரத்தில் வாழைப்பழம் சாப்பிடலாம், போத்தலை நிரப்பலாம். பாதிப் பேர் போகும்போது பாதிப் பேர் சைக்கிள்களுக்குக் காவல்.

தனியாக யாரையும் விடக்கூடாது. அவசரமாக ஒருவர் நிறுத்த வேண்டியிருந்தால், அவரோடு இன்னொருவர் நிற்க வேண்டும். குழுவின் கடைசியில் வரும் 'ஸ்வீப்பர்' அவர்களைத் தாண்டிப் போகக்கூடாது. முன்னால் போகிறவர்கள் அடுத்த பாதுகாப்பான இடத்தில் காத்திருக்க வேண்டும்.

பெருநிலத்தில் வேறு கதை

தீவைச் சுற்றிப் பழகியவர்கள் அடுத்து ஆசைப்படுவது பெரும்பாலும் தைப்பிங். ஃபெரியில் சைக்கிளோடு பட்டர்வொர்த் போய் இறங்கலாம். 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புதிய ஃபெரிகள் கார்களை ஏற்றுவதில்லை. பயணிகள், மோட்டார் சைக்கிள்கள், மிதிவண்டிகள் மட்டும்தான். கரை இறங்கியதும் பினாங் செண்ட்ரலில் ஒரு முறை போய்விட்டு வந்துவிடுங்கள். அங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர்.

காரில் போகும்போது நமக்குப் பழக்கமான, நெடுஞ்சாலையோர ஆர் அண்ட் ஆர் ஓய்வுத் தளங்கள் இங்கே உதவாது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மிதிவண்டிக்கு அனுமதி கிடையாது. நாம் போக வேண்டியது பழைய 1-ஆம் எண் கூட்டரசுச் சாலை. சிம்பாங் அம்பாட், நிபோங் தெபால், பாரிட் புந்தார், பாகான் செராய், செமாங்கோல், கமுண்டிங், பிறகு தைப்பிங். ஊர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வருவதால் தீவின் மலைப் பகுதியைவிட இது சுலபம் என்றே சொல்லலாம். ஆனால் பாரிட் புந்தாரைத் தாண்டினால் கிரியான் நெல்வயல்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளி, நிழலும் குறைவு. ஒதுங்கலாம் என்று நினைத்தாலும் மறைவு கிடையாது. ஒவ்வொரு பட்டணத்தையும் ஒரு நிறுத்தமாக எழுதி, கூகள் வரைபடத்தில் குறித்து, முதல் நாளே குழுவில் பகிர்ந்துவிடுவது நல்லது.

இந்தச் சாலையில் நமக்குக் கைகொடுக்கும் இடங்கள் பெட்ரோல் நிலையம், கோப்பிக் கடை, பள்ளிவாசல், சூராவ், கோயில். பள்ளிவாசல்களின் கழிப்பறைகள் பொதுவாகத் தொழுகைக் கூடத்துக்கு வெளியே, தனியாக இருக்கும். முஸ்லிம் அல்லாதவர்களும் மரியாதையோடு கேட்டால் பெரும்பாலும் தலையசைத்து விடுவார்கள். காலணியைக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றுங்கள். ஒளூ எடுக்கும் குழாயில் கைகால் கழுவாதீர்கள். தொழுகை நேரத்தில் கூட்டமாகப் போய் நிற்காதீர்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் அந்தப் பக்கமே வேண்டாம். உங்கள் குழுவில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் அவர்களின் தொழுகை நேரத்தையும் கழிப்பறை நிறுத்தத்தையும் ஒன்றாக அமைத்துக்கொள்ளலாம். இரண்டு தடவை நிறுத்த வேண்டியதில்லை. நிபோங் தெபால் வட்டாரத்தில் தோட்டக் கோயில்கள் உண்டு. பூசாரி ஐயாவிடமோ பொறுப்பாளரிடமோ கேட்டுவிட்டுப் போவதுதான் முறை.

பள்ளிவாசலோ கோயிலோ, உடம்போடு ஒட்டிய லைக்ரா உடையில் உள்ளே போவது நன்றாக இருக்காது. ஒரு கைலி கொண்டுபோங்கள். மெல்லிய சாரோங் சுருட்டினால் கைப்பிடி அளவுதான் வரும். வழிபாட்டு இடத்தில் சுற்றிக்கொள்ளலாம். கதவுத் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையில் தோழி பிடித்துக்கொண்டு நின்றால் அதுவே கதவு. மழையில் நனைந்தால் உடை மாற்ற மறைப்பு. நான் இதுவரை பார்த்த விலையுயர்ந்த சைக்கிள் சாமான்கள் எதுவும் இத்தனை வேலை செய்ததில்லை.

கோப்பிக் கடையில் நிறுத்தினால் ஏதாவது வாங்குங்கள். பதினான்கு பேர் கழிப்பறைக்கு மட்டும் வரிசையாகப் போய்விட்டுக் கிளம்பினால், அடுத்து வரும் குழுவுக்குக் கதவு திறக்காது. பொதுக் கழிப்பறையில் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். 20, 50 சென் சில்லறையைத் தனியாக ஒரு சிறு பையில் போட்டு வையுங்கள். கைப்பேசியில் பணம் செலுத்தும் தலைமுறை நாம். கழிப்பறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் எல்லா இடத்திலும் கியூஆர் குறியீடு இருக்காது. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு 'பி.எம்.டபிள்யூ' கழிப்பறை என்று இயக்கம் நடத்துகிறது. பெர்சே, மெனாவான், வாங்கி, அதாவது தூய்மை, அழகு, மணம். அந்த நிலைக்கு வந்த கழிப்பறைகளும் உண்டு, வராதவையும் உண்டு. ஆகவே சிறிய சோப்பு, திசுத்தாள் ஒரு பொட்டலம் உங்கள் பையில் இருக்கட்டும்.

பெண்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். தோளில் பட்டையோடு வரும் 'பிப்' வகைக் கால்சட்டை ஓட்டுவதற்கு வசதி, கழிப்பறையில் வேதனை. மேலாடையையும் கழற்றினால்தான் முடியும், அதுவும் ஈரத் தரையில், கொக்கி இல்லாத கதவுக்குப் பின்னால். நீண்ட பயணத்துக்கு இடுப்பு எலாஸ்டிக் வைத்த சாதாரணச் சைக்கிள் கால்சட்டையே போதும். மாதவிடாய் நாள்கள் என்றால் பயணத்தை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. கூடுதல் நாப்கின், பயன்படுத்தியதைச் சுற்றி வைக்க ஒளிபுகாத இரண்டு பிளாஸ்டிக் பை, மாற்று உள்ளாடை இருந்தால் சமாளிக்கலாம். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருப்பதால் நிறுத்த அட்டவணை இங்கேயும் உதவுகிறது. ஏற்பாட்டுக் குழுவில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருந்தால் இதையெல்லாம் தனியாக யாரும் கேட்க வேண்டிய நிலை வராது.

வயிறு கலக்கினால்?

இதுவரை பேசியது எளிய பிரச்சினை. இன்னொன்று இருக்கிறது. அது அட்டவணை பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் நாசி கண்டார், அதுவும் எல்லாக் குழம்பையும் கலந்து 'பஞ்சிர்' ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, காலை ஆறரைக்கு மலையேறக் கிளம்பினால் யாரைக் குறை சொல்வது? பினாங்குக்காரர்களிடம் நாசி கண்டாரை விடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதைப் பயணம் முடிந்த இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு பழக்கமான, காரம் குறைந்த சாப்பாடு போதும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் உடல் கேட்காது. 2017 மே 23. இத்தாலியின் ஜிரோ பந்தயம், 16-வது கட்டம். முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையோடு ஓட்டிக்கொண்டிருந்த நெதர்லாந்து வீரர் தோம் டுமுலான், கடைசி மலையேற்றம் தொடங்கவிருந்த நேரத்தில் திடீரென்று சைக்கிளை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, சாலையோரப் புல்வெளியில் இறங்கினார். வயிற்றுக் கோளாறு. உலகமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இழந்தார். ஐந்து நாள் கழித்து மிலான் நகரில் பந்தயம் முடிந்தபோது, 31 விநாடி வித்தியாசத்தில் அவரே வென்றார். அவர் அடக்கிக்கொண்டு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நிறுத்தியதால் பந்தயம் கைவிட்டுப் போகவில்லை.

தொழில்முறை வீரர்களிடையே ஓர் எழுதாத வழக்கமும் உண்டு. பந்தயத்தின் அமைதியான நேரத்தில் முன்னணி வீரர்கள் சேர்ந்து நிறுத்தும்போது மற்றவர்கள் தாக்குதல் தொடுப்பதில்லை. எல்லாரும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். கோடிக்கணக்கில் பணம் புழங்கும் பந்தயத்திலேயே இந்த மரியாதை இருக்கிறது. நாமோ லக்சா சாப்பிடப் போகிறவர்கள்.

வயிற்றுப்போக்கே வந்துவிட்டால் பயணத்தைத் தொடர வேண்டாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இரண்டு குழுவின் முதலுதவிப் பையில் இருக்கட்டும். காரோ கிராப் வண்டியோ அழைத்து ஏற்றி அனுப்பும் பொறுப்பு யாருக்கு என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். எங்கள் குழுவில் அது ஸ்வீப்பராக வரும் அண்ணனின் வேலை. அவருடைய பையில் கைலி இரண்டு, சோப்பு ஒன்று, திசுத்தாள், கரைசல் பொட்டலம், ஒரு டப்பா நிறையச் சில்லறை. அடுத்த மாதம் தைப்பிங். ஒன்பது நிறுத்தங்கள் குறித்தாகிவிட்டது. பாகான் செராயில் எந்தக் கடை என்பதில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை.